சக்கரங்களின் சரித்திரம் – 17: கொர்வெட்டைச் சுற்றி ஒரு வேலி

சென்ற வாரம் கொர்வெட் பிழைத்தெழுந்த கதையோடு நிறுத்தியிருந்தோம். 1953-ல் 300 கார்கள். அடுத்த ஆண்டு 3,640, அதிலும் பல விற்காமல் தேங்கின. 1955-ல் வெறும் 700. அதே ஆண்டில் ஃபோர்டு தண்டர்பேர்டை இறக்கி 16,000-க்கு மேல் விற்றுக் காட்டியிராவிட்டால், ஜெனரல் மோட்டார்ஸ் கொர்வெட்டுக்கு அப்போதே முழுக்குப் போட்டிருக்கக்கூடும். களத்தை ஃபோர்டிடம் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். வி-8 இன்ஜின் வந்தது. ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற பொறியாளர் அதற்கு உயிர் கொடுத்தார். 1963-ல் ஸ்டிங் ரே வந்தபோது விற்பனை ஆண்டுக்கு 20,000-ஐத் தாண்டியது.

சாகக் கிடந்து எழுந்த பிள்ளையை வீட்டார் பொத்திப் பொத்தி வளர்ப்பதுபோல, அதற்குப் பிறகு கொர்வெட்டை நிர்வாகம் வளர்த்தது. அந்த அக்கறைக்கு விலை கொடுத்தவை அதே நிறுவனத்தின் மற்ற கார்கள். இந்த வாரம் அவற்றின் கதை.

முதலில் ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸைப் பல ஆண்டு தலைமை தாங்கி நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன், தன் பிராண்டுகளை ஏணிப்படிகளாக அடுக்கி வைத்தவர். கீழ்ப்படியில் செவர்லே, அதற்கு மேல் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், ப்யூக், உச்சியில் காடிலாக். சம்பளம் உயர உயர வாடிக்கையாளர் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போவார், வேறு கம்பெனியின் கடைக்குப் போகத் தேவையிருக்காது. நிறுவனத்தின் ஒரே ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஏணியின் கீழ்ப்படியில், செவர்லேயின் பெயரில் பிறந்தது. அதனால் மேல்படிகளில் இருந்த யாராவது இரண்டு இருக்கைக் கார் கேட்டால், கீழ்ப்படிக்காரரின் பொருளுக்குப் போட்டி என்று சொல்லி மறுக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. மற்ற எல்லா விஷயத்திலும் மேலே இருந்தவர்களுக்குத்தான் முன்னுரிமை.

கேட்காமலும் இல்லை. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸின் மோட்டோரமா கண்காட்சியில் பான்டியாக் 'பான்வில் ஸ்பெஷல்' என்ற இரண்டு இருக்கைக் காரை வைத்தது. ஓல்ட்ஸ்மொபைல் 'எஃப்-88' வைத்தது. ப்யூக் 'வைல்ட்கேட்-2' வைத்தது. மூன்றும் கண்ணைப் பறித்தன. மூன்றில் ஒன்றுகூட ஷோரூமுக்கு வரவில்லை. கொர்வெட்டே அப்போது விற்காமல் நின்ற நேரம் என்பதால் அந்த முடிவைக் குறை சொல்வது கடினம். ஒரு காருக்கே ஆள் கிடைக்காத சந்தையில் நான்கு கார்களை யார் விடுவார்கள்? ஆனால் நிலைமை மாறிய பிறகும் அந்தப் பதில் மாறவில்லை. என் மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பத்து ஆண்டு தள்ளி வருவோம். பான்டியாக்கில் தலைமைப் பொறியாளராக ஜான் டெலோரியன் இருந்தார். நாற்பது வயதைத் தொடாத, பிடித்ததைச் செய்தே தீரும் மனிதர். பந்தயங்களில் பங்கெடுப்பதை நிறுவனம் 1963 ஜனவரியில் தடை செய்துவிட்டது. பந்தயத்தால் பெயர் வாங்கியிருந்த பான்டியாக்குக்கு அது பெரிய அடி. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 5.4 லிட்டருக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது.

டெலோரியனின் குழுவில் பில் காலின்ஸ் என்ற பொறியாளர் இருந்தார். பான்டியாக்கின் 326 கன அங்குல இன்ஜினும் பெரிய கார்களில் போகும் 389 கன அங்குல இன்ஜினும் வெளி அளவில் ஒன்றுதான் என்பது அந்தக் குழுவுக்குத் தெரியும். சிறியது உட்காரும் இடத்தில் பெரியதும் அப்படியே உட்காரும். இன்ஜின் தாங்கியைக்கூட மாற்ற வேண்டாம். விதி புதிய மாடல்களுக்குத்தான். ஏற்கெனவே இருக்கும் மாடலில் வாடிக்கையாளர் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் அம்சத்துக்கு மேலிட அனுமதி தேவையில்லை. ஆகவே, டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 295 டாலர் 90 சென்ட் விலையில் ஒரு கூடுதல் அம்சமாக ஜி.டி.ஓ. பிறந்தது. 5,000 விற்றால் போதும் என்று சொன்ன விற்பனைப் பிரிவு, முதல் ஆண்டில் 32,450 விற்றதைப் பார்த்தது. நிர்வாகம் தன் விதியைத் தளர்த்தி எல்லையை 400 கன அங்குலமாக்கியது.

அந்த வெற்றியின் சூட்டில்தான் டெலோரியன் அடுத்த காரைக் கையில் எடுத்தார். எக்ஸ்.பி.-833 என்பது அதன் திட்டப் பெயர். பான்ஷி என்ற பெயரில்தான் இன்று அதை எல்லோருக்கும் தெரியும். 1964-ல் இரண்டு ஓடும் மாதிரிகள் தயாராயின. ஒன்று வெள்ளி நிறத்தில் கூரையுள்ள கார், மற்றது வெள்ளை நிறத்தில் கூரை திறந்த கார்.

அந்த வெள்ளிக் காரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நீண்ட மூக்கு, சக்கரங்களுக்கு மேல் புடைத்த மட்கார்டுகள், வேண்டாதபோது உள்ளே மறைந்துகொள்ளும் ஹெட்லைட்கள், வெட்டினாற்போல முடியும் வால். உடல் ஃபைபர்கிளாஸ். பானட்டுக்கு அடியில் இருந்தது வி-8 அல்ல. ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின். கேம்ஷாஃப்ட் தலைக்கு மேலே இருக்கும், அதைப் பல்லுள்ள ரப்பர் பெல்ட் சுழற்றும். அமெரிக்காவில் அப்போது எந்தக் கம்பெனியும் பெருவாரியாகச் செய்திராத அமைப்பு. சக்தி 165 குதிரைத்திறன். எடை சுமார் 2,200 பவுண்டு, அதாவது ஒரு டன். கொர்வெட்டைவிட ஏறக்குறைய 400 கிலோ குறைவு. இலேசான உடல், அடக்கமான இன்ஜின், சுறுசுறுப்பான ஓட்டம் என்று ஐரோப்பியர்கள் செய்துகொண்டிருந்த ஸ்போர்ட்ஸ் காரை அமெரிக்க விலைக்கு அமெரிக்கத் தொழிற்சாலையில் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

குறி வைத்தது மஸ்டாங்கை. ஃபோர்டு 1964 ஏப்ரலில் 2,368 டாலருக்கு இறக்கி, முதல் 12 மாதங்களில் 4 லட்சத்துக்கு மேல் விற்ற கார் அது. கொர்வெட்டின் விலையோ 4,000 டாலருக்கு மேல். பான்ஷி மஸ்டாங் வாங்குபவரின் பணத்துக்கு கொர்வெட்டின் தோற்றத்தைக் கொடுத்துவிடும். டெட்ராய்ட் தலைமையகத்தின் 14-ஆவது மாடியில் இருந்தவர்களை அதுதான் உறுத்தியது. திட்டம் கைவிடப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். செவர்லே ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் கார் விற்ற காலம் அது. கொர்வெட் 1964-ல் விற்றது 22,229. அந்த 22 ஆயிரத்தில் சில ஆயிரம் குறைந்துவிடும் என்ற பயத்தில், மஸ்டாங்கிடம் போய்க்கொண்டிருந்த லட்சக்கணக்கான இளைஞர்களில் ஒரு பகுதியை இழுத்திருக்கக்கூடிய காரை நிறுத்தினார்கள். இரண்டே இருக்கை உள்ள கார் மஸ்டாங் அளவுக்கு விற்றிருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் அது ஒரு புதிய வகைக்குக் கதவைத் திறந்திருக்கும். அமெரிக்கக் கம்பெனிகள் பின்னால் இருபது ஆண்டு அந்த வகையை பிரிட்டிஷ்காரர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் விட்டுக்கொடுத்தன.

நான்கு ஆண்டு கழித்து, 1968 மாடலாகப் புதிய கொர்வெட் வந்தது. அதன் மூலம் 1965-ல் காட்டப்பட்ட 'மாக்கோ ஷார்க்-2' என்பது அதிகாரபூர்வ வரலாறு. ஆனால் பான்ஷியையும் அந்தக் கொர்வெட்டையும் பக்கவாட்டில் பார்த்தவர் யாரும் இரண்டும் ஒரே வீட்டு ஓவியர்களின் கைவண்ணம் என்பதைச் சந்தேகிக்க மாட்டார்கள். அதே சாயல் ஜெர்மனியில் ஓப்பல் ஜி.டி.யிலும் தெரிந்தது. அந்த ஓப்பலை 1.9 லிட்டர் இன்ஜினோடு அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்து ப்யூக் டீலர்கள் விற்றார்கள். தன் சொந்தப் பிரிவுக்கு மறுத்த சிறிய இரண்டு இருக்கைக் காரை, வெளிநாட்டிலிருந்து வந்தால் விற்கலாம் என்று நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

பான்ஷிக்குப் பதிலாக டெலோரியனுக்குக் கிடைத்தது கமாரோவில் ஒரு பங்கு. செவர்லேயின் கமாரோ 1966 இறுதியில் வந்தது. அதே உடலுக்கு வேறு முகம் வைத்து, 1967 பிப்ரவரியில் பான்டியாக் ஃபயர்பேர்டை இறக்கியது. இதற்குள் வேலி இன்னும் உயர்ந்திருந்தது. கொர்வெட் தவிர எந்தக் காரிலும் 10 பவுண்டு எடைக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிறுவனம் விதி செய்தது. ஜி.டி.ஓ.வின் புகழுக்குக் காரணமான மூன்று கார்பரேட்டர் அமைப்பும் 1966-ஓடு பறிபோனது. கொர்வெட்டுக்கு மட்டும் விலக்கு. 1967-ல் அதன் 427 கன அங்குல இன்ஜினில் மூன்று கார்பரேட்டர்கள் பளபளத்தன.

எடைக்குச் சக்தி என்ற அந்த விதியை யோசித்தால், அது எவ்வளவு தலைகீழானது என்று புரியும். 4,000 பவுண்டு கனக்கும் பெரிய காருக்கு 400 குதிரைத்திறன் சட்டப்படி செல்லும். பொறியாளர் கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தால், குறைத்த ஒவ்வொரு 10 பவுண்டுக்கும் ஒரு குதிரையை இழப்பார். இலேசான கார் செய்பவருக்கு அபராதம், கனமான கார் செய்பவருக்குப் பரிசு. ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் கலையின் முதல் பாடத்தையே தண்டித்த விதி அது. பாதுகாப்புக்காக என்று சொல்லியிருந்தால் கொர்வெட்டுக்கு விலக்கு கொடுத்திருக்க வேண்டியதில்லை.

பான்டியாக் பொறியாளர்கள் ஃபயர்பேர்டில் 400 கன அங்குல இன்ஜினை வைத்தார்கள். அதே இன்ஜின் ஜி.டி.ஓ.வில் 360 குதிரைத்திறன் வரை காட்டியது. ஃபயர்பேர்டின் காகிதத்தில் எழுதப்பட்டது 325. உள்ளே இரண்டும் ஒன்றேதான். வித்தியாசம் கார்பரேட்டரின் இணைப்பில் இருந்த ஒரு சிறு உலோகத் தடுப்பில் இருந்தது. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் கார்பரேட்டர் முழுக்கத் திறக்காது. அந்தத் தடுப்பு ஓரிடத்தில் முட்டி நிறுத்திவிடும். விலைக்குறைவான காரைக் கட்டிப்போட்ட கயிறு அவ்வளவுதான். நிறுவனத்தின் கொள்கை முழுவதும் விரல்நுனி அளவுத் தகட்டில் அடங்கியிருந்தது. ஷோரூமிலிருந்து கார் வீடு வந்து சேர்ந்ததும், விவரம் தெரிந்த இளைஞர்கள் பானட்டைத் தூக்கி அதை வளைத்து விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் கார் எந்த விதிக்கும் கட்டுப்பட்டதாக இல்லை.

விதியைத் தாண்டும் இந்தச் சாமர்த்தியம் செவர்லேக்குள்ளும் புகுந்தது. கமாரோவில் 427 கன அங்குல இன்ஜின் வைக்கத் தடை. ஆனால் டாக்சி, போலீஸ் போன்ற மொத்த வாங்குதல்களுக்குச் சிறப்பு ஆர்டர் எழுதும் முறை ஒன்று இருந்தது. வின்ஸ் பிகின்ஸ் என்ற அதிகாரி அதன் வழியே 1969-ல் கமாரோவுக்குள் கொர்வெட்டின் 427-ஐ நுழைத்தார். முழுவதும் அலுமினியத்தால் ஆன இசட்.எல்.1 இன்ஜினோடு 69 கமாரோக்கள் வந்தன. ஒன்றின் விலை 7,200 டாலரைத் தாண்டியது. சாதாரண கொர்வெட்டே 5,000 டாலருக்குள் கிடைத்த ஆண்டு அது. டீலர்களிடம் அவை விற்காமல் நின்றன. சில தொழிற்சாலைக்கே திரும்பின.

டெலோரியனின் வாழ்க்கையில் ஒரு திருப்பத்தை இங்கே குறித்தாக வேண்டும். 1969-ல் அவர் செவர்லேக்குத் தலைவரானார். கொர்வெட்டே இப்போது அவர் பொறுப்பு. இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக் கொர்வெட் செய்ய வேண்டும் என்று டன்டோவ் பல காலமாகப் போராடிக்கொண்டிருந்தார். அதற்கான எக்ஸ்.பி.-882 மாதிரி தயாராக இருந்தது. செலவு தாங்காது என்று அதை நிறுத்தியவர் டெலோரியன். ஃபோர்டு தன் டீலர்கள் வழியே பான்டேரா என்ற இத்தாலிய நடு இன்ஜின் காரை விற்கப்போகிறது என்ற செய்தி வந்த பிறகே, அதைத் தூசி தட்டி 1970-ல் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். அதுவும் தயாரிப்புக்குப் போகவில்லை. போட்டி வராதபடி காக்கப்பட்ட காரை மேம்படுத்த யாருக்கும் அவசரமில்லை. 1968-ல் வந்த கொர்வெட்டின் வடிவம் 1982 வரை நீடித்தது.

பான்ஷி மறுக்கப்பட்டு இருபது ஆண்டு கழித்து, பான்டியாக்குக்கு இரண்டு இருக்கைக் கார் கிடைத்தது. ஃபியரோ. எப்படிக் கிடைத்தது என்பதில்தான் வருத்தம் இருக்கிறது. ஹுல்கி ஆல்டிகாச்டி என்ற துருக்கியில் பிறந்த பொறியாளர் அதை வளர்த்தார். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் அனுமதி கிடைக்காது. அதனால் வேலைக்குப் போய் வர, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் சிறு கார் என்று சொல்லித் திட்டம் ஒப்புதல் பெற்றது. பணம் அளந்துதான் கொடுக்கப்பட்டது.

உடலமைப்பில் ஆல்டிகாச்டி குழு செய்தது அருமையான வேலை. எஃகுச் சட்டகத்தின் எல்லாப் பொருத்துப் புள்ளிகளையும் ஒரே இயந்திரத்தில் ஒரே சமயத்தில் துளைத்தார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் பலகைகளைத் திருகினார்கள். எந்தப் பலகையும் இடைவெளி பிசகாமல் உட்கார்ந்தது. ஆனால் உள்ளே போனவை கிடைத்த உதிரிகள். முன் சஸ்பென்ஷன் சிறிய செவெட் காரினுடையது. பின்பகுதி, சைட்டேஷன் காரின் முன்பகுதியைத் திருப்பி வைத்தது. இன்ஜின் 2.5 லிட்டர் 'அயர்ன் டியூக்', 92 குதிரைத்திறன். அதே 1984-ல் கொர்வெட்டுக்கு 205. டன்டோவ் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத நடு இன்ஜின் அமைப்பு, கடைசியில் நிறுவனத்தின் மலிவான உதிரிகளோடு ஃபியரோவுக்கு வந்து சேர்ந்தது.

7,999 டாலரில் தொடங்கிய அந்தக் காரை முதல் ஆண்டில் 1,36,840 பேர் வாங்கினார்கள். பான்ஷியை நிறுத்தியவர்கள் இப்படிப்பட்ட காருக்கு ஆள் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தால், இது அதற்குப் பதில். ஆனால் தோற்றம் சொன்னதை இன்ஜின் செய்யவில்லை. 1985-ல் வி-6 வந்தது, 140 குதிரைத்திறன். அந்த ஆண்டே டொயோட்டா எம்.ஆர்.2 அமெரிக்காவுக்கு வந்து, 1.6 லிட்டரில் 112 குதிரைத்திறனோடு, இப்படிப்பட்ட கார் எப்படி ஓட வேண்டும் என்று காட்டியது. இதற்கிடையில் நாலு சிலிண்டர் ஃபியரோக்கள் சிலவற்றில் கனெக்டிங் ராடு உடைந்து, எண்ணெய் சூடான பாகங்களில் சிந்தித் தீப்பிடித்தது. அந்தக் கெட்ட பெயரிலிருந்து கார் மீளவில்லை. 1987-ல் விற்பனை 46,581-க்கு இறங்கிவிட்டது.

1988 மாடலில்தான் தனக்கென்று வடிவமைத்த சஸ்பென்ஷன் ஃபியரோவுக்குக் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் இதுதான் முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டிய கார் என்றார்கள். அந்த மார்ச் மாதமே திட்டத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. மொத்தம் 3,70,168 கார்கள்.

கொர்வெட்டைக் காப்பாற்றத்தான் ஃபியரோவைக் கொன்றார்கள் என்று அதன் ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1988-ல் விற்பனை அதைக் கொன்றது. ஆனால் அது பிறக்கும்போதே ஸ்போர்ட்ஸ் கார் என்று உண்மையைச் சொல்ல முடியாமல் பிறந்தது. சொல்லியிருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் நல்ல இன்ஜினும் முதல் ஆண்டிலேயே கேட்டிருக்கலாம். பொய்யான விண்ணப்பத்துக்கு ஏற்ற பணம்தான் கிடைத்தது. வேலி செய்த கேடு அங்கேதான் இருக்கிறது. 1984-ல் அதற்கு எழுதப்பட்ட விதிகூடத் தேவைப்படவில்லை. எதைக் கேட்கக் கூடாது என்பதைப் பொறியாளர்கள் இருபது ஆண்டில் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ப்யூக் மட்டும் ஒருமுறை வேலியைத் துணிந்து தாண்டியது. அதன் ரீகல் காரில் 3.8 லிட்டர் டர்போ வி-6 வைத்து, கறுப்பு நிறத்தில் கிராண்ட் நேஷனல் வந்தது. 1987-ல் அது 245 குதிரைத்திறன், கொர்வெட் 240. அதே ஆண்டு 547 கார்கள் மட்டும் ஜி.என்.எக்ஸ். என்ற பெயரில் வந்தன, 276 குதிரைத்திறனோடு. அதுவும் அடக்கிச் சொன்ன எண் என்பது பத்திரிகைகள் ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. நாலு பேர் உட்காரும் ப்யூக், நேர்சாலையில் கொர்வெட்டைப் பின்னுக்குத் தள்ளியது. ஆனால் பின்சக்கர இயக்க ரீகலுக்கு அது கடைசி ஆண்டு. போகிற காருக்குத்தான் அந்தச் சலுகை.

1998-லும் பழக்கம் தொடர்ந்தது. கொர்வெட்டின் புதிய எல்.எஸ்.1 இன்ஜின் கமாரோவுக்கும் வந்தது. கொர்வெட்டில் 345 என்றும் கமாரோவில் 305 என்றும் எழுதினார்கள். உரிமையாளர்கள் சக்தியை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்தபோது, அந்த 40 குதிரைகளில் பெரும்பாலானவை காகிதத்தில் மட்டும் இருந்தது தெரிந்தது.

கடைசியில் வேலியை எடுத்தது செவர்லேதான். 2017 மாடல் கமாரோ இசட்.எல்.1-க்கும் கொர்வெட் இசட்.06-க்கும் ஒரே எல்.டி.4 இன்ஜின், இரண்டிலும் 650 என்றே எழுதினார்கள். நடு இன்ஜின் கொர்வெட் 2019 ஜூலையில் வெளியானது. டன்டோவ் 1996-லேயே காலமாகிவிட்டார். பான்டியாக் என்ற பிராண்டை ஜெனரல் மோட்டார்ஸ் 2009-ல் மூடும் முடிவை எடுத்திருந்தது.

அடுத்த வாரம் ஷ்டுட்கார்ட் போகிறோம். 911-ஐவிட நன்றாக ஓடிவிடக் கூடாது என்று போர்ஷே கவலைப்பட்ட தன் சொந்தக் கார்களை அங்கே பார்க்கலாம்.

(தொடரும்)